வாயில்லாச் சீவனுக்கு யார் சாட்சி?

மனிதனுக்கு நோய் வந்தால் அவனே மருத்துவரிடம் சென்று, "இங்கே வலிக்கிறது, நேற்றைவிட இன்று தேவலை" என்று சொல்கிறான். நாயும் பூனையும் குதிரையும் அவ்வாறு சொல்வதில்லை. அவற்றின் சார்பில் பேசுபவர் அவற்றை வளர்ப்பவரே. அவரோ விலங்கின் மீது அன்பு கொண்டவர். மருந்துக்குப் பணம் கொடுத்தவர். குணமாக வேண்டும் என்று மனமார விரும்புபவர். இத்தகையவரின் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம்? வளர்ப்பு விலங்குகளுக்கான 'முழுமை மருத்துவம்' பற்றி மேலைநாடுகளில் வெளிவந்துள்ள நூல்களைப் படிக்கும்போது இக்கேள்வியை மறக்கக் கூடாது.

இயற்பியல் ஆசிரியனுக்குக் கால்நடை மருத்துவத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நோயறிதல் என் துறையன்று. ஆனால் இந்நூல்களில் 'ஆற்றல்', 'அதிர்வு', 'காந்தப்புலம்' என்னும் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. இவை இயற்பியலின் சொற்கள். கடன் வாங்கியவர் அவற்றை எப்படிக் கையாளுகிறார் என்று பார்க்கும் உரிமை எங்களுக்கு உண்டல்லவா?

முழுமை என்னும் கருத்து

'முழுமை' என்று நாம் இங்கே குறிப்பிடும் 'ஹோலிசம்' என்ற சொல்லை 1926இல் ஆக்கித் தந்தவர் தென்னாப்பிரிக்க அரசியல்வாதியான ஜான் ஸ்மட்ஸ். உறுப்புகளைத் தனித்தனியே ஆராய்வதால் மட்டும் ஓர் உயிரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது இதன் அடிப்படை. கருத்து நல்லதே. விலங்கு மருத்துவத்தில் இவ்வழியைப் பரப்பியவர்களுள் இங்கிலாந்தில் பிறந்த ஜூலியட் டி பைராக்ளி லெவி முக்கியமானவர். குதிரை, மாடு, ஆடு முதலியவற்றுக்கான மூலிகை நூலை 1952இலும், நாய்களுக்கான மூலிகை நூலை 1955இலும் வெளியிட்டார். பச்சை உணவு, உபவாசம், பூண்டு ஆகியவை அவருடைய முக்கியக் கருவிகள். அமெரிக்காவில் ரிச்சர்ட் பிட்கெய்ர்ன் என்னும் கால்நடை மருத்துவர் தம் மனைவியுடன் சேர்ந்து எழுதிய, நாய் பூனைகளின் இயற்கை நலம் பற்றிய நூல் 1982இல் வெளிவந்து, 2017இல் நான்காம் பதிப்பைக் கண்டது. வீட்டில் சமைத்த உணவும் ஹோமியோபதி மருந்தும் அந்நூலின் இரு தூண்கள். குதிரைகளைப் பொறுத்தவரை இவற்றோடு காந்தப் பட்டைகளும் சேர்ந்துகொண்டன.

இன்று அமெரிக்காவில் நாய் உணவுப் பைகளின் மேல் 'ஹோலிஸ்டிக்' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அங்கே அச்சொல்லுக்குச் சட்டப்படி எந்த வரையறையும் இல்லை. எந்த உற்பத்தியாளரும் எந்த உணவின் மீதும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

குறை சொல்வோரின் நியாயம்

இந்நூல்களைப் படிப்பவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தொழிற்சாலை உணவின் மீது அவர்கள் கொண்ட ஐயத்துக்குக் காரணம் உண்டு.

1987இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தனர். பூனைகளின் இதயத் தசை தளர்ந்து, இதயம் பலூன்போல் விரிந்து, அவை இறந்துகொண்டிருந்தன. டாரின் என்னும் அமினோ அமிலக் குறைவே காரணம். அப்பூனைகள் தின்று வந்தது கடையில் விற்ற, 'சத்துகள் நிறைந்தது' எனக் கருதப்பட்ட உணவுதான். டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் மீண்டும் வலுப்பெற்றது. பிறகு பூனை உணவுகளில் டாரினைக் கூட்டிச் சேர்த்தார்கள்.

2007இல் நேர்ந்தது இதைவிடக் கொடியது. வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. ஏன் மெலமைன்? உணவிலுள்ள புரதத்தை ஆய்வகங்களில் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். புரதத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 16 பங்குதான் நைட்ரஜன். மெலமைனிலோ மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்! ஒரு பிடி கலந்தால் போதும், மட்டமான சரக்கும் உயர்ந்த புரதமாக ஆய்வில் தோன்றும். அளவி பொய் சொல்லவில்லை. அளக்க வேண்டியதை விட்டு வேறொன்றை அளந்ததுதான் பிழை. இப்பாடத்தை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

குதிரை விஷயத்திலும் முழுமைவாதிகள் சொல்வதில் சாரம் உண்டு. குதிரையின் இரைப்பை சிறியது. புல்லின் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் பெருங்குடலில் வாழ்கின்றன. நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக மேயவே அதன் உடல் அமைந்திருக்கிறது. தானியத்தை ஒரே வேளையில் வயிறு புடைக்க வைத்தால், செரியாத மாவுப்பொருள் பெருங்குடலை அடைந்து புளிக்கிறது, அமிலம் பெருகுகிறது, அதன் விளைவு குளம்பின் உட்பகுதி வரை சென்று, விலங்கு நிற்கவும் முடியாமல் போகலாம். வயிற்றில் செய்த தவறு காலில் தெரிகிறது! உடலை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் இதைக் கண்டறிந்தது உடலியலும் வேதியியலும். அதிர்வுகளைப் பற்றிய பேச்சன்று.

இயற்கை என்றால் தீங்கில்லையா?

தொழிற்சாலை உணவு தவறலாம் என்பதால் வீட்டுச் சமையல் தவறாது என்று ஆகிவிடுமா? 2013இல் அதே டேவிஸ் வளாகத்தினர் நூல்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் நாய்களுக்கான 200 சமையல் குறிப்புகளைத் திரட்டி, அவற்றின் சத்துகளைக் கணக்கிட்டனர். நூற்றுக்கு 95 குறிப்புகளில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள். குறிப்புகளை எழுதியவர்களுள் கால்நடை மருத்துவர்களும் இருந்தனர். இக்குறை உடனே வெளிப்படாது. நாய் வாலாட்டிக்கொண்டு தின்னும். பல மாதம் நன்றாகவே இருக்கும். எலும்பும் இதயமும் மெல்ல மெல்லக் கணக்குத் தீர்க்கும்.

மனிதனுக்கு நல்லது விலங்குக்கும் நல்லது என்ற எண்ணமும் ஆபத்தானது. கேரட்டிலுள்ள மஞ்சள் நிறப்பொருளை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. பூனையின் உடலால் அது இயலாது. நமக்குத் தலைவலி தீர்க்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குதிரைக்குப் பூண்டு நல்லதென்று லெவி போன்றோர் ஓயாது எழுதினர். 2005இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் உலர்த்திய பூண்டைக் குதிரைகளுக்கு மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை ஏற்பட்டது. சிறிதளவில் கெடுதல் இல்லாமலிருக்கலாம். ஆனால் 'இயற்கைப் பொருள், எவ்வளவு கொடுத்தாலும் கேடில்லை' என்ற வாதம் அங்கேயே விழுந்துவிட்டது. எவ்வளவு என்று கேட்காத எந்த மருத்துவமும் மருத்துவமாகாது.

நீர்த்தலின் கணக்கு

இனி ஹோமியோபதிக்கு வருவோம். இங்கே 'எவ்வளவு' என்ற கேள்வி விந்தையான விடை பெறுகிறது.

நாய்களுக்கும் குதிரைகளுக்கும் '30சி' என்று குறிக்கப்பட்ட மருந்து மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இதன் பொருள் யாது? மூலப்பொருளில் 1 பங்கை 99 பங்கு நீரிலோ சாராயத்திலோ கலந்து குலுக்க வேண்டும். அதில் 1 பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கில் கலக்க வேண்டும். இவ்வாறு 30 முறை. ஒவ்வொரு முறையும் நூறில் ஒன்றாகிறது. ஆகவே முடிவில் மூலப்பொருள் 10⁶⁰ இல் ஒரு பங்கு.

ஒரு பொருளின் ஒரு மோல் அளவில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை 6.022 × 10²³. இதுவே அவகேட்ரோ எண். 12 முறை நீர்த்ததுமே 10²⁴ என்னும் எல்லையைத் தாண்டிவிடுகிறோம். ஒரு மோலில் தொடங்கினாலும், அதற்குமேல் நாம் எடுக்கும் பங்கில் மூலப்பொருளின் மூலக்கூறு ஒன்றாவது இருக்கும் என்று நம்புவதற்கில்லை. 30ஆம் படியில்? நீரின் மூலக்கூறு 10⁶⁰ க்கு மூலப்பொருளின் மூலக்கூறு ஒன்று என்று கொள்வோம். அத்தனை நீரின் நிறை ஏறத்தாழ 3 × 10³⁴ கிலோகிராம். சூரியனின் நிறையோ 2 × 10³⁰ கிலோகிராம். அதாவது, ஒரே ஒரு மூலக்கூறைச் சந்திக்க வேண்டுமானால் அந்த நாய் 15,000 சூரியன்களின் நிறையுள்ள நீரைக் குடித்தாக வேண்டும்!

இம்முறையை வகுத்த ஹானிமானைக் குறை கூற வேண்டியதில்லை. அவர் தம் கருத்தை முதலில் வெளியிட்டது 1796இல். மூலக்கூறுகளின் அளவை லோஷ்மிட் மதிப்பிட்டதோ 1865இல். ஒரு துளியைத் தொடர்ந்து பிரித்துக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் பொருள் தீர்ந்துவிடும் என்பதை ஹானிமான் காலத்தில் யாரும் கணக்கிட்டுச் சொல்லியிருக்க முடியாது. பள்ளி மாணவனும் இக்கணக்கைப் போடக்கூடிய இக்காலத்தில் நூல் எழுதுவோர்க்கு அச்சலுகை இல்லை.

நீருக்கு 'நினைவு' உண்டு என்று சிலர் விடை கூறுவர். 1988இல் பிரெஞ்சு விஞ்ஞானி பென்வெனிஸ்த் அவ்வாறு ஒரு முடிவை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். எந்தக் குழாயில் எது உள்ளதென்று ஆய்வாளர்க்கே தெரியாதபடி மறைத்து, அதே ஆய்வகத்தில் மறுபடி செய்து பார்த்தபோது அவ்விளைவு மறைந்துவிட்டது. விலங்குகளில் நடந்த சோதனைகளையும் பார்ப்போம். ஹோமியோபதிக்கு ஆதரவான அமைப்பொன்றைச் சேர்ந்த ஆய்வாளரே முன்னின்று 2014இல் 18 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார். ஐயமின்றி நம்பத்தக்கவை என்று அவர் கண்டவை இரண்டு மட்டுமே. அவற்றுள் ஒன்று பயன் உண்டு என்றது. மற்றொன்று இல்லை என்றது. இரு நூற்றாண்டுகளின் விளைச்சல் இவ்வளவே.

குதிரையின் காலில் காந்தம்

பந்தயக் குதிரைகளின் கால்களிலும் முதுகிலும் நிலைக்காந்தம் தைத்த பட்டைகளைக் கட்டுவது மேலைநாடுகளில் பரவலாக உள்ள வழக்கம். இரத்தத்தில் இரும்பு உள்ளது; காந்தம் அதை இழுக்கும்; ஆகவே இரத்த ஓட்டம் பெருகும் என்பது விற்பவர் கூற்று.

இரத்தத்தில் இரும்பு இருப்பது மெய். ஆனால் ஆணியிலுள்ள இரும்பு போல் அது இல்லை. ஹீமோகுளோபினில் இரும்பு அணுக்கள் தனித்தனியே கட்டுண்டு கிடக்கின்றன. 1936இல் பாலிங், கோரியல் ஆகியோர் அளந்து காட்டியபடி, ஆக்சிஜன் ஏந்திய இரத்தம் காந்தத்தால் மிக மிக மெலிதாக விலக்கப்படுகிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் மிக மெலிதாக ஈர்க்கப்படுகிறது. இரண்டும் நுண்ணிய கருவிகொண்டு மட்டுமே அறியத்தக்கவை.

மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா. காந்த விசை புலத்தின் வலிமையை மட்டுமன்றி, அப்புலம் இடத்துக்கு இடம் மாறும் வீதத்தையும் பொறுத்தது. அக்கருவியின் வாயிலில் அவ்வீதமும் மிகுதி. இரும்பு நாற்காலியும் பறந்து சென்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே செல்லும் நோயாளியின் இரத்தம் ஒருபுறம் ஒதுங்குவதில்லை. தோல் சிவப்பதும் இல்லை. குதிரை நின்றபடியே காலைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியும் உண்டு, அதன் புலம் 0.27 டெஸ்லா. நொண்டும் குதிரைகள் அதில் நிற்கின்றன, படம் கிடைக்கிறது, நொண்டல் அப்படியே இருக்கிறது. பட்டையில் தைத்த சிறு காந்தத்தின் புலமோ இதனினும் குறைவு. துணி, மயிர், தோல் என்று ஒவ்வோர் அடுக்கைக் கடக்கும்போதும் மேலும் வேகமாகத் தேய்கிறது. பெரிய காந்தம் செய்யாததைச் சிறிய காந்தம் எவ்வாறு செய்யும்?

ஒன்றைக் கூற வேண்டும். மாறும் காந்தப்புலம் திசுவில் மின்னோட்டத்தைத் தூண்டக்கூடும். எலும்பு முறிவில் அதன் பயன் தனியே ஆராயப்படுகிறது. நிலைக்காந்தப் பட்டைக்கும் அதற்கும் பெயரளவில்தான் உறவு.

விலங்குக்கு நம்பிக்கை ஏது?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு வாதம் எஞ்சி நிற்கும். "மனிதன் நம்பிக்கையால் குணமாகலாம். விலங்குக்கு மருந்தின் பெயரும் தெரியாது. அதுவும் குணமாகிறதென்றால் மருந்து மெய்தானே?"

கேட்பதற்கு வலுவான வாதம். ஆனால் இது இரு நூற்றாண்டுப் பழமையானது. 1796இல் அமெரிக்காவில் எலைஷா பெர்க்கின்ஸ் என்பவர் இரண்டு உலோகக் கோல்களுக்குக் காப்புரிமை பெற்றார். உடலின்மேல் இழுத்தால் அவை வலியைப் போக்கும் என்றார். 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்னும் மருத்துவர் மரத்தால் அதேபோல் கோல்கள் செய்து, வண்ணம் பூசி, ஐந்து நோயாளிகளிடம் பயன்படுத்தினார். நால்வர் வலி குறைந்ததென்றனர். மறுநாள் மெய்யான கோல்களும் அதே பலனைத்தான் தந்தன. அப்போது பெர்க்கின்ஸின் மகன் முன்வைத்த சான்றுகளுள் விலங்குகள் குணமான செய்திகளும் இருந்தன.

விடை எளிது. குதிரைக்கு நம்பிக்கை வேண்டியதில்லை. 'தேவலை' என்று சொல்பவருக்கு இருந்தால் போதும். மூட்டு நோய் ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமான நாளில்தான் நாம் மருந்து தேடி ஓடுகிறோம். அடுத்து வரும் நாட்கள் தாமாகவே சற்று நன்றாக இருக்கும். பெயர் மருந்துக்குப் போகும். பழகிய கண்ணும் ஏமாறும். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் தேர்ந்த குதிரை மருத்துவர்கள் ஒரே குதிரையைத் தனித்தனியே பார்த்தனர். நொண்டல் லேசாக இருந்தபோது, இந்தக் கால் நொண்டுகிறதா இல்லையா என்பதில் அவர்கள் ஒத்துப்போனது நூற்றுக்கு 62 முறைதான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 முறை ஒத்துப்போகுமே!

கண்ணுக்கு மாற்றாக இயற்பியல் தருவது விசைத்தட்டு. தரையில் பதித்த தட்டின்மேல் விலங்கு நடந்து செல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, கால் தரையை அழுத்தும் விசையைத் தட்டு நியூட்டன் கணக்கில் பதிவு செய்கிறது. வலிக்கும் காலை விலங்கு அழுத்தி ஊன்றாது. வலி குறைந்தால் விசை கூடும். 2012இல் வெளியான ஆய்வில், மூட்டுத் தேய்வால் நொண்டிய 58 நாய்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. அது மருந்தா அன்றா என்று வளர்ப்பவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தட்டு முன்னேற்றம் எதையும் காட்டாதபோதே 'தேவலை' என்று கூறியவர்கள் பலர். வளர்ப்பவர்கள் மட்டுமல்லர், மருத்துவர்களும் அப்படியே கூறினர்.

இதில் வஞ்சகம் ஏதுமில்லை. அன்பு கண்ணை மறைக்கிறது. ஆனால் அதன் விலையை நாய் கொடுக்கிறது. எசமானர் மனம் நிறைகிறது. நாயின் வலி அப்படியே இருக்கிறது. வலிக்குரிய மெய்யான மருந்தை யாரும் தேடுவதில்லை. மெலமைன் கதையில் பார்த்த பிழைதான் இது. நாயின் வலியை அளப்பதாக எண்ணி, நம் ஆறுதலை அளந்துவிடுகிறோம்.

விளையாட்டல்லாத இடம்

மூட்டு வலியோடு இது நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். 'நோசோடு' என்ற பெயரில், நோயுற்ற திசுவை எல்லை கடந்து நீர்த்து, அதைத் தடுப்பூசிக்கு மாற்றாகக் கொடுப்போர் உள்ளனர். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸுக்கு எதிராக இதைச் சோதித்து, 1996இல் முழுமை மருத்துவர்களின் மாநாட்டிலேயே முடிவை வைத்தனர். நோசோடு பெற்ற நாய்களுக்குப் பாதுகாப்புக் கிட்டவில்லை. சோதித்தவர்களின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். அம்முடிவுக்குப் பிறகும் நோசோடு விற்பனை நிற்கவில்லை.

தடுப்பூசி போடாத நாய் தன் உயிரோடு நம் உயிரையும் பணயம் வைக்கிறது. ரேபீஸ் நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அநேகமாக எல்லாமே நாய்க்கடியால். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் தோன்றியது இக்கொடுமையைத் தடுக்கத்தான். இங்கே 'எனக்கு நம்பிக்கை இருக்கிறது' என்பது விடையாகாது. வைரஸ் யாருடைய நம்பிக்கையையும் கேட்பதில்லை.

கொள்ளுவதும் தள்ளுவதும்

முழுமைவாதிகள் வற்புறுத்தும் நல்ல புல், போதிய நடை, துணை, சுத்தமான இடம், உடல் பருக்காத அளவான உணவு ஆகிய அனைத்தும் கொள்ளத்தக்கவை. இவற்றுக்கு அறிவியல் எதிரியன்று. தள்ள வேண்டியது, அளக்க மறுக்கும் பழக்கத்தைத்தான்.

விசைத்தட்டு வீட்டில் இருக்காது. ஆயினும் வாசகர்கள் ஒன்று செய்யலாம். யாரேனும் புதிய பட்டையையோ துணையுணவையோ பரிந்துரைத்தால், முதலில் கால்நடை மருத்துவரிடம் அதனால் கேடு இல்லையென்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்பே தந்துள்ள மருந்தை நிறுத்தாதீர்கள். பிறகு சில வாரங்களுக்கு நாயின் எடையைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். அது படியேறுவதையும் எழுந்து நிற்பதையும் கைப்பேசியில் படமெடுங்கள். சில வாரம் மருந்தோடும் சில வாரம் மருந்தின்றியும் இதைத் தொடருங்கள். எந்தப் படம் எந்த வாரத்தது என்று அறியாத ஒருவரிடம் கலைத்துக் காட்டி, எவற்றில் நாய் நன்றாக நடக்கிறது என்று கேளுங்கள். அவர் பிரித்துக் காட்டினால் மேலே ஆராய இடமுண்டு. காட்ட முடியாவிட்டால் அந்தப் பணத்தில் நாய்க்கு நல்ல உணவு வாங்கலாம், தடுப்பூசியும் போடலாம்.